ஒரு இலையும் நோகாமல்

நானூற்றுப் பன்னிரண்டு நாளும் ஆறு மணி நேரமும் ஆயின, அந்தச் செடியிலிருந்து ஒரு தேக்கரண்டி எண்ணெயைப் பிரித்தெடுக்க. கடைசி ஆறு மணி நேரத்தில் நாலரை மணி நேரம் தேக்கரண்டிக்கு அனுமதி வாங்குவதிலேயே போயிற்று.

மூலிகை மருந்து ஆய்வு நிலையத்தில் அவளை எல்லோரும் இலைப்பொண்ணு என்றுதான் கூப்பிட்டார்கள். வேதியியல் படித்தவள். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு செடியை அவளிடம் ஒப்படைத்தார்கள். வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் தானாக முளைத்திருந்த மஞ்சள் பூ வேலிச்செடி அது. உலகத்தில் இத்தனை மூலிகை இருக்க இது ஏன் என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"மத்த செடிக்கெல்லாம் கொள்முதல் ஆணை வேணும்மா," என்றார் இயக்குநர். "இது நம்மளத் தேடி வந்த செடி."

இலையைப் பறித்து நிழலில் உலர்த்தினாள். பொடியாக்கினாள். ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் மூன்று நாள் ஊறவைத்து வடிகட்டினாள். கரைப்பானை ஆவியாக்கினால் அடியில் பச்சைப் பசை தங்கும். அந்தப் பசையை வெள்ளைத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயின் தலையில் ஊற்றி, மேலிருந்து சொட்டுச் சொட்டாகக் கரைப்பானை விட்டால், பசைக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் சுபாவத்துக்குத் தக்கபடி முன்னேயும் பின்னேயும் கீழே இறங்கும். சோதனைக் குழாய்களில் பிடித்து எண் போட வேண்டும். முப்பத்தெட்டாம் எண் குழாயில் நிறமில்லாத ஒரு எண்ணெய் இறங்கியது.

அதில் ஒரு சொட்டைக் காகித வில்லையில் தொட்டு, கிருமி வளர்த்த தட்டில் வைத்தாள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத ஒரு வட்டம் தெளிந்திருந்தது. பதினோரு மில்லிமீட்டர். மருந்து என்று சொல்லிக்கொள்ள நிலையத்தின் விதிப்படி பன்னிரண்டு வேண்டும்.

இயக்குநர் தன் சட்டைப் பையிலிருந்து சொந்த அளவுகோலை எடுத்து அளந்தார். பதினான்கு வந்தது.

"ஓரத்துல மங்கலா இருக்கு பார், அதையும் சேத்துக்கணும்," என்றார். "அறிவியலுக்குக் கொஞ்சம் கருணை வேணும்மா."

இப்படித்தான் அந்த எண்ணெய் மருந்தாயிற்று.

பிரித்ததை என்னவென்று பார்க்க வேண்டுமே. அவள் ஒரு துளியைக் கீழ்த்தளத்தில் இருந்த மெஷின் அண்ணனிடம் கொண்டுபோனாள். மூலக்கூறைத் துண்டு துண்டாக உடைத்து ஒவ்வொரு துண்டையும் எடைபோடும் இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது. பதினாறு வருடமாக அதோடு இருந்து இருந்து, மனிதர்களையும் அவர் எடைபோட்டுத்தான் பார்ப்பார். திரையில் கோடுகள் எழும்பின. எல்லாவற்றையும்விட உயரமாக ஒரே ஒரு கோடு நின்றது. அதன் அடியில் நூற்று நாற்பத்தொன்பது என்று இருந்தது.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஏம்மா, கரைப்பானை எதுல வச்சிருக்கீங்க?"

"நீலக் கேன்ல."

"கண்ணாடி பாட்டில்லதானே வரும்?"

வரும்தான். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் ஒரு பாட்டில் உடைந்தது. விசாரணைக் குழு பதினோரு மாதம் உட்கார்ந்து, உடையக்கூடியது எதுவும் உடையக்கூடிய இடத்தில் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அன்றிலிருந்து பாட்டில்கள் வந்தவுடன் கரைப்பானை நீல பிளாஸ்டிக் கேன்களில் ஊற்றிவிட்டு, காலி பாட்டில்களை உடையாமல் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். கேன்களை ஒரு கேன் தொழிற்சாலை அதிபர் இலவசமாகக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றிலும் அவர் முகம் அச்சடிக்கப்பட்டிருந்தது. கரைப்பான் அதற்குள் மாதக்கணக்கில் கிடந்தது.

"நூத்து நாப்பத்தொம்பது என் பழைய சிநேகிதன்," என்றார் அண்ணன். "பிளாஸ்டிக் முறுக்கு மாதிரி உடையாம வளைஞ்சு குடுக்க ஒரு எண்ணெய் சேப்பாங்க. கரைப்பானை ஊத்தி வச்சா, அது மெதுவா இறங்கி வந்துடும். உன் செடி பாவம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நானூறு நாளா நீ கேனைத்தான் காய்ச்சி வடிச்சிருக்கே."

"கிருமி செத்துச்சே அண்ணா."

"என் சமையலுக்கும்தான் சாகும்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். ஊறல், வடிகட்டல், ஆவியாக்கல், கண்ணாடிக் குழாய், எண் போட்ட சோதனைக் குழாய்கள் எல்லாம் அதே மாதிரி. ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். இலை போடவில்லை. இருபத்தொன்றாம் நாள் முப்பத்தெட்டாம் எண் குழாயில் அதே எண்ணெய் இறங்கியது. முன்னைவிடச் சுத்தமாகவும் கொஞ்சம் கூடுதலாகவும் இருந்தது.

தவறைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று அலுவலகப் பிரிவுக்குப் போனாள். அங்கே படிவங்களுக்குப் பொறுப்பு ஃபைல் அக்கா.

"அக்கா, கண்டுபிடிப்பைத் திரும்ப எடுத்துக்கணும். அதுக்கு என்ன படிவம்?"

ஃபைல் அக்கா கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தாள். "கண்டுபிடிச்சதுக்கு நீலப் படிவம். இன்னும் கொஞ்சம் கண்டுபிடிச்சா பச்சைப் படிவம். திரும்ப எடுக்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது. நான் வந்து முப்பத்தோரு வருஷம் ஆச்சு, ஒருத்தரும் கேட்டதில்ல."

"நீலத்திலேயே திருத்தி எழுதட்டுமா?"

"எழுது. 'பயன்படுத்திய பாகம்'னு இருக்கு பார். இலை, பட்டை, வேர், பூ, விதை. ஏதாவது ஒண்ணுல டிக் போடு."

"இதுல எதுவுமே இல்லக்கா."

"காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காது."

"கேன்னு எழுதட்டுமா?"

"கட்டம் இல்லையே கண்ணு. பூவுல போட்டுக்கோ. பாக்கவும் லட்சணமா இருக்கும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை மதிப்பீட்டுக் கூட்டம். நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் அவள் பேசியதே கிடையாது. பேருந்தில் வரும்போது ஒரே வாக்கியத்தை நாற்பது தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். எழுந்து நின்றதும் அதில் பாதிதான் வெளியே வந்தது.

"இலை போடாம செஞ்சு பாத்தேன் சார். அப்பவும் அது வந்துச்சு."

பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது. புரிந்துகொண்டார்கள் என்று அவள் நினைத்தாள்.

"எவ்வளவு வந்துச்சு?" என்றார் இயக்குநர்.

"முன்னைவிடக் கொஞ்சம் கூட, சார்."

ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேசையின் கோடியில் இருந்த மூத்த உறுப்பினர் முதலில் கை தட்டினார்.

"இத்தனை நாளா நம்ம மகசூலைக் கெடுத்தது இலைதானா," என்றார்.

"செடிக்கு ஒரு கீறல் இல்லாம மூலிகை மருந்து," என்றார் இன்னொருவர். "இந்தக் காலத்துக்கு இதுதான் தேவை. இயற்கையை அழிக்காம இயற்கை மருத்துவம்."

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய வாக்கியம் வரும்போதெல்லாம் அவர் அப்படிச் செய்வார். "ஒரு இலையும் நோகாமல்," என்றார். அது கூட்டக் குறிப்பில் ஏறியது, பிறகு கடிதத் தாளின் தலைப்பில், அதற்கும் பிறகு பதினெட்டு அடி பேனரில்.

"சார், அது செடியிலயே..." என்று தொடங்கினாள்.

"தன்னடக்கம்," என்றார் இயக்குநர் மற்றவர்களைப் பார்த்து. "இந்தப் பொண்ணுகிட்ட எனக்குப் பிடிச்சதே அதுதான். உக்காரும்மா."

வாய்தான் வரவில்லை, கை எழுதும். அன்று மாலையே எட்டு வரியில் ஒரு கடிதம் எழுதினாள். எந்தக் கேன், எந்த எண்ணெய், நூற்று நாற்பத்தொன்பது, இலை போடாத சோதனை, எல்லாம் அதில் இருந்தது. நேராக இயக்குநர் கையில் கொடுத்தாள். அவர் அதை நான்காக மடித்து, அளவுகோல் இருந்த சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்ல எழுத்தை அவசரமாப் படிக்கக் கூடாது," என்றார். "விழா முடியட்டும், நிதானமாப் படிக்கிறேன்."

"என்ன விழா சார்?"

"உன் மருந்துக்குத்தாம்மா."

மறுநாள் இயக்குநர் அறையிலிருந்த தண்ணீர் கேனை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை.

அதன்பிறகு நிலையம் முழுமூச்சாக வேலையில் இறங்கியது. பெயர்க் குழு ஆறு தடவை கூடி, இயக்குநரின் பெயருக்குப் பின்னால் ஒரு விகுதியைச் சேர்த்து மருந்துக்குப் பெயர் வைத்தது. குழுவின் தலைவரும் இயக்குநர்தான் என்பதால் அவர் தயங்கினார், பிறகு தன் தயக்கத்தையும் மீறிக் கையெழுத்திட்டார். கொட்டகைக்குப் பின்னால் செடியைச் சுற்றி இரும்பு வேலி போட்டு, 'இந்தச் செடி இம்மருந்தில் பயன்படுத்தப்படவில்லை' என்று பித்தளைப் பலகை வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் எப்படியோ போகட்டும் என்று அவள் விட்டிருப்பாள். விட முடியாதபடி அப்பாவின் கால் வந்து குறுக்கே நின்றது.

அப்பா முப்பத்துநாலு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு. ஆக்ஸிலேட்டர் மிதித்த வலது காலில், சுண்டுவிரலில் ஐந்து மாதமாக ஆறாத புண். விரலை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர் இரண்டு தேதிகளைத் தள்ளிப்போட்டிருந்தார்.

மூன்றாவது தேதிச் சீட்டை அவள் வாங்கி வந்த அன்றுதான் இயக்குநர் அவள் வீட்டுக்குப் போன் செய்தார். விழாவில் மருந்தை முதலில் சுவைக்கப்போவது கண்டுபிடித்தவளின் தந்தை. மனிதர்களுக்குக் கொடுத்துப் பரிசோதிக்க மூன்று வருட அனுமதி தேவை. சுவைப்பதற்குத் தேவையில்லை. விதிப் புத்தகத்தில் சுவைத்தல் என்ற சொல்லே கிடையாது.

அப்பா போனை வைத்துவிட்டுக் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டார். ராஜா மாதிரி இருந்தார்.

"அந்த டாக்டர் விரலை எடுக்கணும்கிறான். உங்க டைரக்டர் காப்பாத்துறேங்கிறார். நான் யார் பேச்சைக் கேக்கணும், சொல்லு."

"அப்பா, அது மருந்தே இல்லப்பா. கேன்ல இருந்து ஊறி வந்த எண்ணெய்."

அப்பா சிரித்தார். "பத்தாவது பரீட்சை எழுதிட்டு வந்து பெயிலாயிடுவேன்னு மூணு நாள் சாப்பிடாம அழுதே. என்ன ஆச்சு? ஸ்கூல்லயே முதல். நீ இல்லன்னு சொன்னா இருக்குன்னு அர்த்தம்."

"இது அப்படி இல்லப்பா."

"உங்க டைரக்டர் என்ன முட்டாளா? அவ்வளவு பெரிய மனுஷனுக்குத் தெரியாதா?"

அவள் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவர்கிட்ட பேசாதடி. முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டினவரு, நிறுத்தம் வந்தாக்கூட நிறுத்த மாட்டாரு. பின்னாடி நாலு பேரு ஓடி வருவாங்க."

"நான் ஒரு தடவைகூட வண்டியை இடிச்சதில்ல," என்றார் அப்பா.

"இடிக்கல. எல்லாரையும் அடுத்த ஊர்ல இறக்கி விட்டீங்க."

ஆஸ்பத்திரிச் சீட்டில் விழாவுக்கு மறுநாள் காலை ஒன்பது மணி என்று போட்டிருந்தது. மருந்து குடித்த கையோடு அங்கே வர முடியாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு வைத்தியம் ஒரே சமயத்தில் ஆகாதாம். அவள் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் 'ஒரு இலையும் நோகாமல்' பேனர். அதன் கீழே இயக்குநர், சட்டைக் காலரில் சின்ன மைக்கோடு. பக்கத்தில் சிறப்பு விருந்தினரான கேன் அதிபர். கேனில் இருந்த முகத்தைவிட நேரில் கொஞ்சம் வயதாகியிருந்தது. மேடையின் ஓரத்தில் அப்பா, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, சலவைச் சட்டையில். கீழே முதல் வரிசையில் அம்மா. கதவோரம் மெஷின் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஃபைல் அக்கா மேடைக்கு அருகில் பச்சைப் படிவத்தோடு தயாராக இருந்தாள்.

இயக்குநர் பேசினார். "இந்த மருந்தைக் கண்டுபிடிக்க நமக்கு இலை தேவைப்படவில்லை. வேர் தேவைப்படவில்லை. இன்னும் கொஞ்சம் காலம் கொடுத்தால், நோய்கூடத் தேவைப்படாது. நிலையம் இருந்தால் போதும்."

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்து கேன் அதிபர் எழுந்தார். எளிமையாகப் பேசுகிறவர்.

"நான் படிக்காதவன். நான் குடுத்தது வெறும் கேன்தான். ஆனா டைரக்டர் சார் நேத்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உங்க கேன் இல்லாம இந்த மருந்தே இல்ல'ன்னாரு. பெரிய மனசுங்க அவருக்கு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

கதவோரம் மெஷின் அண்ணனுக்கு இருமல் வந்து வெளியே போய்விட்டு வந்தார்.

பிறகு தட்டில் தேக்கரண்டி வந்தது. எண்ணெய் விளிம்புவரை பளபளத்தது. மகள் கையால் கொடுக்க வேண்டும் என்று அவளை மேடைக்கு அழைத்தார்கள். படி ஏறும்போது பேருந்தில் நாற்பது தடவை சொல்லிப் பார்த்த வாக்கியத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. தேக்கரண்டியை எடுத்தாள். அப்பா வரையில் பதினோரு அடி. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கரண்டியில் இருப்பதைச் சிந்தாமல் கொண்டுபோவதுதான் நானூறு நாளாக அவள் வேலை.

அப்பா அவளைப் பார்த்துப் பெருமையாக வாயைத் திறந்தார். உள்ளே இரண்டு கடைவாய்ப் பல் இல்லை என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அவள் நின்றாள். எதிர்த்துப் பேச அவளுக்கு வராது. மரியாதையாகப் பேச வரும். வீட்டில் அதைத்தான் சொல்லி வளர்த்திருந்தார்கள். கரண்டியோடு இயக்குநர் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க முதல்ல."

அரங்கம் நெகிழ்ந்துபோயிற்று. யாரோ, "ஆகா, வளர்ப்பு," என்றார். கைத்தட்டல் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்தது. இயக்குநர் சிரித்தார். சிரிப்பு முகத்தில் ஒட்டாமல் நின்றது.

"இல்லம்மா, அப்பாதானே..."

"அதெப்படிங்கய்யா," என்று அப்பா நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். "டிரைவர் உக்காராம வண்டி எப்படிக் கிளம்பும்? உங்க பேர்ல இருக்கிற மருந்து. நீங்க குடிச்ச மிச்சம் எனக்குப் போதும்."

"எனக்குப் புண் எதுவும் இல்லையே," என்றார் இயக்குநர்.

"சுவைக்கத்தானே சார்," என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"காலையில சாப்பிட்டுட்டேன்."

"சாப்பாட்டுக்கு அப்புறம்தான் குடிக்கணும்னு நீங்களே அழைப்பிதழ்ல போட்டிருக்கீங்க சார்."

"கண்ணாடி போடாம நான் எதையும் குடிக்கிறதில்ல," என்றார் இயக்குநர். கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது.

அரங்கத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. அம்மா முதல் வரிசையில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்பா இயக்குநரின் முகத்தைப் பார்த்தார். பிரேக் பிடிக்காத வண்டியின் சத்தத்தைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தார்.

கேன் அதிபருக்கு இந்தச் சங்கடம் பொறுக்கவில்லை. நல்ல மனிதர். எழுந்து வந்தார்.

"என்ன சார், ஒரு ஸ்பூனுக்கு இவ்வளவு கூச்சமா? எங்கிட்ட குடும்மா. என் கேனுக்கும் இதுல பங்கு இருக்குன்னு சொன்னீங்கல்ல. நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்."

அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, தலையை அண்ணாந்தார். எண்ணெய் உதட்டுக்கு இரண்டு விரல் தூரத்தில் இருந்தது.

இயக்குநர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். இருபத்தெட்டு வருட நிர்வாகத்தில் அவர் இவ்வளவு வேகமாக எதையும் செய்ததில்லை. கரண்டி கீழே விழுந்து மேடையில் உருண்டது. அவர் அதிபரின் காதருகே குனிந்து ரகசியமாகத்தான் சொன்னார். காலரில் மைக் இருந்ததால், அரங்கத்தின் கடைசி நாற்காலிவரை அது கேட்டது.

"ஐயா, நீங்க வேணாம். அதுல செடியே இல்ல. எல்லாம் உங்க கேன் பிளாஸ்டிக்ல இருந்து ஊறி வந்த எண்ணெய். இந்தப் பொண்ணு லெட்டர் குடுத்த அன்னைக்கே படிச்சுட்டேன். எண்பத்தேழு நாளா எனக்குத் தெரியும்."